முணுமுணுக்காத பாட்டு

ராக் என்றால் நீளமுடி, கிழிந்த ஜீன்ஸ், காதைப் பிளக்கும் சத்தம் என்று நினைத்திருக்கிறீர்களா? ஆர்.இ.எம். குழுவின் 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பாட்டை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். 1992-ல் 'ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்' ஆல்பத்தில் வந்தது. வாழ்ந்தது போதும் என்று தோன்றிவிட்ட ஓர் ஆளிடம் ஐந்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பேச்சுக் கொடுக்கிற பாட்டு.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து ஏதன்ஸ்காரர்கள் நாலு பேர். பாடகர் மைக்கேல் ஸ்டைப் ஆரம்பத்தில் என்ன பாடுகிறார் என்று அமெரிக்கர்களுக்கே புரியாது. 1983-ல் வந்த முதல் முழு ஆல்பத்தின் பெயரே 'மர்மர்', அதாவது முணுமுணுப்பு. அந்த மனுஷர் இதில் ஒவ்வொரு வார்த்தையையும் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி தனித்தனியாக வைக்கிறார். டீன் ஏஜ் பிள்ளைகளுக்கான பாட்டு, அதனால்தான் வரிகள் இவ்வளவு நேரடி என்று கிடாரிஸ்ட் பீட்டர் பக் விளக்கியிருக்கிறார். வாழ்த்து அட்டை வாசகம் மாதிரி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நான் ஒப்ப மாட்டேன். மனச்சோர்வில் இருக்கிறவனுக்குப் பேப்பரில் நாலு வரி சேர்ந்தாற்போல் படிக்க ஓடாது. அவனிடம் போய்ப் படிமம், குறியீடு என்றால் என்ன பிரயோஜனம்?

இன்னொன்றும் கவனியுங்கள். நாமெல்லாம் என்ன சொல்வோம்? 'உனக்கென்னப்பா குறைச்சல்? கோயிலுக்குப் போயிட்டு வா, சரியாயிடும்.' பாட்டு அப்படி எதுவும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. வலி உனக்கு மட்டும் இல்லை, கொஞ்சம் தாக்குப்பிடி. கேட்பது அவ்வளவுதான்.

இசையும் அவசரப்படவில்லை. தாலாட்டு மாதிரி ஆறெட்டில் ஆடுகிற நடை, ஒவ்வொரு தந்தியாக மீட்டும் கிடார். வேடிக்கை என்னவென்றால், இதன் மூலக்கரு டிரம்மர் பில் பெர்ரியுடையது. ஆனால் ஆரம்பத்தில் தட்டிக்கொண்டிருப்பது டிரம் மெஷின். வயலின் கோஷ்டியை அமைத்தவர் லெட் ஸெப்பலின் ஜான் பால் ஜோன்ஸ். பின்பாதியில் அவை கொஞ்சம் அதிகமாகவே அழுகின்றன என்பது என் குறை.

சரி, பாட்டு யாரையாவது காப்பாற்றுமா? நிர்வாணா குழுவின் கர்ட் கோபெய்ன் ஆர்.இ.எம்.மின் பரம ரசிகர். அவரை எப்படியாவது வெளியே இழுக்க வேண்டும் என்று, சேர்ந்து பாட்டுப் பண்ணலாம் வா என விமான டிக்கெட் அனுப்பியதாக ஸ்டைப் பிற்பாடு ஒரு பேட்டியில் சொன்னார். கோபெய்ன் டிக்கெட்டைச் சுவரில் குத்தி வைத்தாராம், விமானம் ஏறவில்லை. 1994 ஏப்ரலில் தற்கொலை செய்துகொண்டார். வயசு 27.

அடுத்த வருஷம், 1995-ல், பிரிட்டனில் 'சமாரிட்டன்ஸ்' என்ற உதவி அமைப்பு பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தது. தற்கொலைகள் அதிகமாக இருந்தும் உதவி கேட்டு ஃபோன் செய்யத் தயங்குகிற இளைஞர்களுக்காக. படம் கிடையாது, புத்திமதி கிடையாது. இந்தப் பாட்டின் வரிகள், கூடவே அவர்களுடைய ஃபோன் நம்பர்.