ராஜ்யமா, ஆட்சியா?
தமிழ் விவிலியத்தின் ஒரு சொல்லும் இறுதிநாள் எதிர்பார்ப்பும்

சென்னைத் தியாகராய நகரின் தெருப்பெயர்கள் பலவும் ஆட்சியில் இருந்தோரின் பெயர்களே. உஸ்மான் சாலை, 1934-இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த சர் முஹம்மது உஸ்மானை நினைவூட்டுகிறது. பனகல் பூங்கா, 1921 முதல் 1926 வரை முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயரைச் சுமக்கிறது. ஆனால் நகருக்கே பெயர் தந்த சர் பிட்டி தியாகராய செட்டியாரோ, 1920-ஆம் ஆண்டுத் தேர்தலில் நீதிக்கட்சி வென்றபோது தம்மைத் தேடிவந்த முதலமைச்சர் பதவியை ஏற்காதவர். ஆண்டவர்களின் பெயர் தெருக்களுக்கும், ஆள மறுத்தவரின் பெயர் ஊருக்கும் அமைந்தது சிந்திக்கத்தக்கது.

இந்நகரின் பேருந்து நிலையத்தருகே, அஸர் தொழுகைக்குப் பின் நம் மாணவர் சிலருடன் நடந்து வருகையில், முதியவர் ஒருவர் நம் கையில் ஒரு துண்டறிக்கையைத் தந்தார். தேவனுடைய ராஜ்யம் நெருங்கிவிட்டது என்பது அதன் செய்தி. மாணவருள் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “ஹஜ்ரத், இரண்டாயிரம் ஆண்டுகளாக நெருங்கிக்கொண்டே இருக்கிற ராஜ்யமா இது?” என்று கேட்டார். உடனிருந்தோர் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. வேற்றுச் சமயத்தாரின் நம்பிக்கையை அதன் சொற்களின் பொருளறியாமல் நகைப்பது கல்விக்கும் அழகன்று, தீனுக்கும் அழகன்று. அன்று அம்மாணவருக்குச் சுருக்கமாகச் சொன்னதையே இங்கு விரித்துரைக்கிறோம்.

சொல் மாறிய வரலாறு

ஈஸா (அலை) அவர்களின் போதனையாக முதல் மூன்று சுவிசேஷங்களும் கூறுவனவற்றில் நடுநாயகமாக நிற்பது இறைவனின் அரசுரிமை பற்றிய செய்தியாகும். கிரேக்க மூலத்தில் அதற்குரிய சொல் ‘பஸிலேயியா’. அது அரசன் ஆளும் நிலத்தையும் குறிக்கும். ஆளுதல் என்னும் செயலையும் குறிக்கும். தமிழில் இவ்விரு பொருளையும் ஒரே சொல்லில் அடக்குவது எளிதன்று. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தது. சென்னை வேப்பேரியில் வாழ்ந்த பப்ரிசியுஸின் புதிய ஏற்பாடு 1772-இல் வெளிவந்தது. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு இன்றளவும் சீர்திருத்தச் சபையாரின் நாவில் வழங்குவது. அதில் ‘தேவனுடைய ராஜ்யம்’ என்றும், மத்தேயுவின் நூலில் ‘பரலோக ராஜ்யம்’ என்றும் காண்கிறோம். கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பாகிய ‘திருவிவிலியம்’ இவற்றை ‘இறையாட்சி’ என்றும் ‘விண்ணரசு’ என்றும் மாற்றிற்று.

வடசொல்லை நீக்கித் தனித்தமிழ்ச் சொல்லை இட்ட மாற்றம் மட்டுமே இது என்று கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ராஜ்யம் என்பது இடம். மனிதன் அதை நோக்கிச் செல்கிறான். ஆட்சி என்பது செயல். அது மனிதனை நோக்கி வருகிறது. சொல் மாறியபோது நம்பிக்கையின் திசையே மாறிற்று எனலாம்.

முதல் திசைக்குத் தமிழ் இலக்கியத்தில் தலைசிறந்த சான்று ஹெ. ஆ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’. திருநெல்வேலிச் சீமையின் வைணவக் குடியில் பிறந்து, 1858-இல் மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்ற அப்புலவர், ஜான் பன்யனின் ஆங்கில நூலைத் தழுவி 1894-இல் இக்காப்பியத்தை வெளியிட்டார். அழிவுக்குரிய நகரை விட்டு முத்தி நகரை நாடிச் செல்லும் பயணமே அதன் கதை. அங்கே இறைவனின் அரசு எல்லையும் கோட்டையும் வாயிலும் உடையது. கம்பனில் தோய்ந்த புலவருக்கு நகரின்றிக் காப்பியம் அமையாது. அரசனின்றி நகரம் அமையாது. ராஜ்யம் என்ற சொல் அவருக்கு இயல்பாகவே பொருந்திற்று. புதுக்கோட்டையிலும் திருவிதாங்கூரிலும் மன்னர்கள் வீற்றிருந்த காலம் அது என்பதையும் மறத்தலாகாது.

1995-இன் மொழிபெயர்ப்பாளர்கள் குடியரசில் வாழ்ந்தோர். மன்னராட்சி அவர்தம் வாசகருக்குப் பழங்கதை. இருபதாம் நூற்றாண்டின் விவிலிய ஆய்வும் அவர்கள் முன் இருந்தது. ஈஸா (அலை) அறிவித்தது விரைவில் வரவிருந்த உலக முடிவையே என்று 1906-இல் ஆல்பர்ட் ஷ்வைட்சர் வாதிட்டார். 1935-இல் சி. எச். டாட் இதற்கு மறுதலையாக, அவ்வரசு அவரது பணியிலேயே வந்துவிட்டது என்றார். வந்துவிட்டது, ஆனால் இன்னும் நிறைவுறவில்லை என்பது பிற்கால அறிஞர் பலர் கொண்ட நடுவழி. ‘ஆட்சி’ என்னும் சொல் இந்நடுவழிக்கு இடந்தருகிறது. லூக்காவின் நூலில் அவ்வரசு மக்களுக்கு ‘உள்ளே’ இருப்பதாகப் பழைய மொழிபெயர்ப்பு கூறுமிடத்தில், புதியது ‘நடுவே’ என்று கூறுவதும் இக்கருத்தோடு இயைந்ததே. கிரேக்கச் சொல் இரண்டுக்கும் இடந்தருவது.

எனினும் புதிய சொல்லிலும் குறை உண்டு. நுழைதல், உரிமையாகப் பெறுதல் முதலிய வினைகள் மூலத்தில் இவ்வரசோடு அடிக்கடி இணைந்து வருகின்றன. ராஜ்யத்தில் நுழையலாம்; ஆட்சியில் நுழைவது எங்ஙனம்? ‘விண்ணரசு’ என்பதைக் கேட்கும் இன்றைய தமிழர் செவியில் ‘தமிழ்நாடு அரசு’ என்னும் பெயர்ப்பலகையின் ஒலியும் சேர்ந்தே விழுகிறது. இடப்பொருளை முற்றிலும் இழந்த சொல், மறுமையை இம்மையின் சீர்திருத்தமாக மட்டுமே காட்டிவிடக்கூடும்.

அரபு மொழி காட்டும் ஒளி

அரபு மொழி இவ்விடர்ப்பாட்டை எவ்வாறு கடந்தது? மீம், லாம், காஃப் என்னும் ஒரே வேரிலிருந்து முல்க், மலிக், மாலிக், மலகூத் ஆகிய சொற்கள் கிளைக்கின்றன. அரபுக் கிறித்தவர் சுவிசேஷத்தின் இவ்வரசை ‘மலகூத்’ என்றே வழங்குகின்றனர். இச்சொல் அரமேய ‘மல்கூத்தா’வோடு உறவுடையது. அருள்மறையில் நான்கு இடங்களில் இது வருகிறது. நான்கிலும் அது வானங்கள், பூமி, எல்லாப் பொருள்கள் ஆகியவற்றின் மீது அல்லாஹ்வுக்குள்ள முழு அதிகாரத்தையே குறிக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்றோர், புலன்களுக்கு எட்டும் உலகை முல்க் என்றும் புலன்களுக்கு எட்டாததை மலகூத் என்றும் பிரித்துரைத்தனர். ஆக, ஒரே சொல் இடமாகவும் செயலாகவும் மறைபொருளாகவும் நிற்க அரபு மொழி வழி செய்தது.

நாம் நாள்தோறும் ஓதும் ஃபாத்திஹாவின் நான்காம் வசனத்திலும் இவ்விரட்டைப் பொருள் இருப்பதை மத்ரஸா மாணவர் அறிவர். ஆஸிம், கிஸாயீ முதலியோர் அதனை ‘மாலிக்’ என்று ஓதினர். நாஃபிஉ, இப்னு கஸீர், அபூஅம்ரு முதலியோர் ‘மலிக்’ என்று ஓதினர். முன்னது உரிமையாளன், பின்னது அரசன். இரண்டும் ஏற்கப்பட்ட ஓதல்களே. உரிமையாளனுக்கு ஆணையதிகாரம் இல்லாமற் போகலாம். அரசனுக்கு எல்லாவற்றின் மீதும் உடைமை இல்லாமற் போகலாம். தீர்ப்பு நாளில் இரண்டும் ஒருவனுக்கே என்பது இவ்விரு ஓதல்களும் சேர்ந்து தரும் பொருள். நம் தமிழ் மொழிபெயர்ப்புகளில் பழகிப்போன ‘அதிபதி’ என்ற சொல் இதனை முழுமையாகத் தாங்குகிறதா? பிறர் மொழிபெயர்ப்பை ஆராயும் நாம் நம்முடையதையும் ஆராயக் கடமைப்பட்டுள்ளோம்.

தேதி குறித்தோர்

அரசு வரும் என்று நம்புவது ஒன்று. அது வரும் ஆண்டைக் கணக்கிடுவது வேறொன்று. திருவிதாங்கூரில் பிராமணக் குடியில் பிறந்து கிறித்தவராகிக் குருத்துவப் பணியும் ஏற்ற, வித்துவான் குட்டி எனப்பட்ட ஜஸ்டஸ் யோசேப்பு, 1881-இல் ஈஸா (அலை) மீண்டும் வருவார் என்று 1875-இல் அறிவித்தார். குறித்த ஆண்டு வந்தது, கடந்தது. ‘யுயோமயம்’ என்னும் அவ்வியக்கம் உடனே கலைந்துவிடவில்லை. விளக்கத்தை மாற்றிக்கொண்டு சிறு குழுவாக நீடித்தது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22-ஐக் குறித்தனர். அந்நாளும் வெறுமனே கழிந்தது. யெகோவாவின் சாட்சிகள் எதிர்பார்த்த 1914, பின்னர் கண்ணுக்குப் புலப்படாத முடிசூட்டலின் ஆண்டாக விளக்கப்பட்டது. கணக்கு தவறினால் கணக்கைக் கைவிடுவதற்கு மாறாக நிகழ்வைக் கண்ணுக்கு மறைவானதாக்குவது இத்தகையோரிடம் மீண்டும் மீண்டும் காணப்படும் போக்கு.

ஆனால் இது கிறித்தவத்தின் முழுமுகம் அன்று. அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார், தந்தை மட்டுமே அறிவார் என்று மாற்குவின் நூலே கூறுகிறது. வெளிப்படுத்தின நூலின் ஆயிரமாண்டு அரசைச் சொல்லளவில் கொள்ளாமல், சபையின் இந்தக் காலத்தையே அது குறிப்பதாக அகஸ்டின் விளக்கினார். கிறித்தவ உலகின் பெரும்பகுதி நெடுங்காலம் அவர் வழியே நின்றது. ஐயாயிரவர்க்கு உணவளித்தபின் மக்கள் தம்மை அரசராக்க முனைவதை அறிந்து ஈஸா (அலை) மலைக்குத் தனியே விலகிச் சென்றார் என்று யோவானின் நூல் கூறுவதையும் அம்மாணவருக்கு எடுத்துக் காட்டினோம். அரசு வரும் என்று அறிவித்தவரே முடியை மறுத்தார் என்பது அச்செய்தியின் உட்பொருளை விளக்கப் போதுமானது.

நமக்குரிய பாடம்

ஈஸா (அலை) மீண்டும் இறங்கி வருவார்கள் என்பது நம் நம்பிக்கையுமாகும். ஆயினும் வேறுபாடு நுட்பமானது. புகாரீ, முஸ்லிம் ஆகிய நூல்களில் வரும் நபிமொழி அவர்களை ‘மலிக்’ என்று கூறவில்லை. நீதி வழங்கும் ‘ஹகம்’ என்றே கூறுகிறது. இந்த உம்மத்தின் இமாமே முன்னின்று தொழுவிக்க, அவர்கள் அதற்கு இணங்குவார்கள் என்றும் ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். கிறித்தவரின் நம்பிக்கையில் அரியணை குமாரனுக்குரியது. அவர்களுள்ளும் பவுல், இறுதியில் குமாரன் அரசைத் தந்தையிடம் ஒப்படைப்பார் என்று எழுதியிருக்கிறார். நமக்கும் அவர்களுக்கும் இடையே உள்ள பிளவு மெய்யானது. அதை மூடிமறைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் பிளவு எங்கே இருக்கிறது என்பதைத் துல்லியமாகச் சொல்வதே நேர்மை.

கணக்கிடும் நோய் நம்மவரையும் விட்டுவைக்கவில்லை. மஹ்தீ (அலை) தோன்றும் ஆண்டை எண்ணியுரைக்கும் சிறுநூல்களை நம் புத்தகக் கடைகளிலும் காண்கிறோம். மறுமை நாளின் அறிவு அல்லாஹ்விடமே உள்ளது என்று அருள்மறை பலமுறை அறிவித்திருந்தும் இந்நிலை. அந்த வேளை எப்போது என்று ஜிப்ரீல் (அலை) வினவியபோது, கேட்பவரைவிடத் தாம் அதிகம் அறிந்தவரல்லர் என்று நபிகள் நாயகம் (ஸல்) விடையளித்தார்கள். மற்றொருவர் கேட்டபோது, அதற்காக நீர் என்ன ஆயத்தம் செய்துள்ளீர் என்று திருப்பிக் கேட்டார்கள். கையில் ஒரு கன்று இருக்கும்போது அந்த வேளை வந்தாலும் அதை நட்டுவிடுமாறு ஏவினார்கள்.

மத்தேயுவின் நூலில் தீர்ப்பு நாளில் அரசர் வினவுவது ஆண்டுக் கணக்கை அன்று. பசித்தவனுக்கு உணவளித்தாயா, நோயுற்றவனைப் பார்த்தாயா என்பதே கேள்வி. ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் ஹதீஸ் குத்ஸீ ஒன்றிலும் அல்லாஹ் அடியானிடம் கேட்பவை இவையே. இரு மரபுகளும் நெருங்கி நிற்கும் இடம் இது. ராஜ்யம் என்றாலும் ஆட்சி என்றாலும் மலகூத் என்றாலும், அதன் வாயிலில் நிற்கும் கேள்வி இதுவெனில், நகைக்க அங்கே என்ன இருக்கிறது?

அம்மாணவர் மறுநாள் அத்துண்டறிக்கையை மடித்து நம் மேசையில் வைத்துவிட்டு, “ஹஜ்ரத், அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தால் என்ன சொல்ல?” என்று கேட்டார். முதலில் நலம் விசாரியுங்கள் என்றோம்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.