வாத்து இல்லாத மாதத்தில் வாத்துக்குப் பாதுகாப்பு

போன ஜனவரியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் நீலச்சிறகிக் கூட்டம் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தேன். கூட வந்த ஆபீஸ் நண்பர் கேட்டார்: "இதையெல்லாம் ஒரு காலத்துல லைசென்ஸ் வாங்கிச் சுட்டாங்களாமே, எத்தனை சுடலாம்னு யார் முடிவு பண்ணினாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. அடையாறு திரும்பியதும் பழைய சட்டங்களைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். நான் வக்கீல் இல்லை. அடுத்தவர் எழுதின புரோகிராமில் ஓட்டை தேடுறதுதான் பிழைப்பு, அந்தக் கண்ணோடதான் படித்தேன்.

முதல் சட்டம் 1887இல் வந்தது. நகராட்சி, கண்டோன்மென்ட் எல்லைக்குள், இனப்பெருக்கக் காலத்தில் புதிதாகக் கொன்ற காட்டுப் பறவையை வைத்திருக்கவோ விற்கவோ தடை போடலாம் என்றது. அடுத்தது 1912. வாத்து, காடை, கவுதாரி, கொக்கு என்று ஒரு பட்டியல் போட்டு, இவற்றுக்கு எந்த மாதங்களில் வேட்டை கூடாது என்று மாகாண அரசே கெசட்டில் அறிவிக்கலாம் என்றது. வேண்டுமானால் வருஷம் முழுக்கவே மூடலாம். ஆனால் ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை சுடலாம் என்று அந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை.

இங்கேதான் ஓட்டை. முட்டையிடும் நேரத்தில் தொந்தரவு செய்யாதே என்பது மயிலுக்கும் கவுதாரிக்கும் சரி. நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் முட்டையிடுவது சைபீரியா பக்கம். மழைக்காலத்தையொட்டி இங்கே வந்து, வெயில் ஏறும்போது கிளம்பிவிடும். அவை ஊரிலேயே இல்லாத மாதங்களில் சுடக்கூடாது என்று விதி போட்டு யாருக்கு என்ன லாபம்? இருக்கிற மாதங்களில் எத்தனை என்பதுதான் கேள்வி. 1938 நவம்பர் 12 அன்று பரத்பூரில் வைஸ்ராய் லின்லித்கோ கலந்துகொண்ட ஒரே வேட்டையில் 4,273 பறவைகள் விழுந்தன. அது சமஸ்தானம், பிரிட்டிஷ் இந்தியச் சட்டம் அங்கே செல்லாது. இருந்தாலும் எண்ணிக்கை வரம்பு இல்லாத இடத்தில் 'சீசன்' என்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அமெரிக்காவில் இதே சிக்கலை வேறு மாதிரி அணுகினார்கள். கனடாவுக்காக பிரிட்டனோடு 1916இல் ஒப்பந்தம், 1918இல் சட்டம். வாத்து பொரிக்கிற வடக்கும், குளிருக்கு ஒதுங்குகிற தெற்கும் ஒரே பேச்சுக்குள் வந்தன. 1955இலிருந்து வருஷாவருஷம் விமானத்தில் பறந்து வாத்துகளை எண்ணுகிறார்கள். 1995க்குப் பிறகு அந்த எண்ணிக்கையையும் கனடா சமவெளிகளில் தண்ணீர் நிற்கும் குட்டைகளின் எண்ணிக்கையையும் ஒரு மாதிரிக்குள் போட்டு, இந்த வருஷம் தாராளமா, மிதமா, கறாரா, மூடலா என்று தீர்மானிக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொரு விஷயம்: மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த வேட்டைக்காரர்கள் சுட்ட வாத்தின் ஒரு சிறகை உறையில் போட்டு தபாலில் அனுப்புகிறார்கள். உயிரியலாளர்கள் கூட்டமாக உட்கார்ந்து, அது எந்த இனம், ஆணா பெண்ணா, இந்த வருஷக் குஞ்சா என்று பிரிக்கிறார்கள்.

நம்மிடமும் அதன் நிழல் இருந்தது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் சிறு வேட்டைக்குத் தனி லைசென்ஸ் உண்டு. பத்தாவது பிரிவு, லைசென்ஸ் வைத்திருப்பவர் கொன்ற விலங்குகளுக்குக் கணக்கு வைக்க வேண்டும் என்றது. 1991 திருத்தம் லைசென்ஸ் முறையை ஒழித்தது. கூடவே பத்தாவது பிரிவையும் நீக்கியது. லைசென்ஸை ஒழித்தது சரியான முடிவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கணக்கை எடுத்ததில்தான் எனக்கு உறுத்தல். சட்டப்படி வேட்டைக்காரரே கிடையாது, அதனால் எத்தனை சுட்டாய் என்று கேட்க ஆளும் கிடையாது.

ஆனால் வேட்டை பூஜ்யம் இல்லை. சில வருஷம் முன்னால் செங்கல்பட்டு தாண்டி ஒரு ஏரிக்கரையில் கால் கட்டிய பறவைகளோடு ஒருவர் நின்றார். ஜோடி விலை சொன்னார். கொக்குகளுக்கு நடுவே ஒரு ஊசிவால் வாத்தும் இருந்தது. அன்றைக்கு நான் எதுவும் செய்யவில்லை, வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன். அதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் வேடந்தாங்கல். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதற்கு ஊர்க்காரர்களே கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய் 1798இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கிய இடம். அந்த உத்தரவு ஒரு ஏரிக்கு. ஊசிவால் வாத்து ஏரி ஏரியாகப் போகிறது.

ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, நானும் நோட்டும் பைனாக்குலருமாகப் போகிறேன். உயிரோடு இருப்பதை எண்ணுகிறோம். பறிமுதல் ஆகிற பறவைகளை இனம், மாதம், ஏரி வாரியாக எழுதி ஒரே அட்டவணையாக வெளியிட்டால்கூடப் போதும். அதற்குச் சட்டத் திருத்தம் வேண்டாம், ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும்.