வில்லியனூர்ச் சுடுமண்

புதுச்சேரிக்கு மேற்கே, சங்கராபரணி ஆற்றங்கரை ஊர் வில்லியனூர். துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கும் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்துக்கு அடுத்தபடியாக இவ்வூருக்குப் பேர் வாங்கித் தந்தவை சுடுமண் சிற்பங்கள். புவிசார் குறியீடும் பெற்றாகிவிட்டது.

யானையோ பிள்ளையாரோ, உள்ளே வெறும் கூடுதான். கனமாகச் செய்தால் சூளையில் வெடித்துவிடும். சூடேறும் காற்று வெளியேற எங்காவது ஒரு சின்னத் துளையும் வேண்டும். சூளையில் வைக்குமுன் நிழலில் நிதானமாகக் காயவேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் காதும் தும்பிக்கையும்தான் முதலில் விரிசல் விடும். குதிரையின் பிடரி, கழுத்துமணி எல்லாம் களிமண்ணைக் கிள்ளி, உருட்டி ஒட்டியவை.

சூளையிலிருந்து செக்கச்செவேலென்று வருகிறதே, அது சாயமல்ல. மண்ணிலுள்ள இரும்பின் வேலை.

வில்லியனூர்க் கலைஞர் வி.கே.முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது இந்தக் கைவேலைக்காகத்தான்.