தூணும் மணிக்கூண்டும்

வேலூரில் இரண்டு ஞாபகச் சின்னங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு வருஷந்தோறும் மலர்வளையம் கிடைக்கிறது. மற்றொன்றின் அடியில் நின்று பேரம் பேசுகிறவர்கள்கூட அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

முதலாவது, கோட்டைக்கு அருகே மக்கான் சந்திப்பில் நிற்கும் தூண். 1806ஆம் வருஷம் ஜூலை 10ஆம் தேதி, விடிவதற்கு முன் கோட்டைக்குள் துப்பாக்கி தூக்கிய சிப்பாய்களின் நினைவாக எழுப்பியது. இரண்டாவது, லாங் பஜாரில் இருக்கும் மணிக்கூண்டு. அதில் பதித்த கல் ஒன்று, 1914 முதல் 1918 வரை நடந்த மகாயுத்தத்துக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று சொல்கிறது. யார் அந்தப் பதினான்கு பேர்? கல்லுக்குத் தெரியாது.

ஒரே ஊர், வெள்ளைக்காரனை எதிர்த்துச் செத்தவனுக்கு ஒரு சின்னம், வெள்ளைக்காரனுக்காகச் செத்தவனுக்கு ஒரு சின்னம். இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் வந்ததல்ல. அயர்லாந்துக்கு இது இன்னும் கூர்மையாக வந்தது. 1916 ஏப்ரலில் டப்ளின் நகரத்துத் தபால் நிலையத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் குடியரசைப் பிரகடனம் செய்தது. அதே சமயத்தில் பிரிட்டிஷ் உடுப்பு அணிந்த ஐரிஷ்காரர்கள் ஆயிரக்கணக்கில் பிரான்ஸ் தேசத்துப் பதுங்கு குழிகளில் கிடந்தார்கள். சுதந்திரம் வந்தபின் முதல் கூட்டத்துக்குப் புகழ் கிடைத்தது. இரண்டாவது கூட்டத்தைப் பற்றி வீட்டில்கூட வாய் திறக்கத் தயங்கினார்கள். புதுடில்லியை வகுத்த லட்யன்ஸே இவர்களுக்காக டப்ளினில் ஒரு நினைவுத் தோட்டம் அமைத்தார். அது வெகுகாலம் புல் மண்டிக் கிடந்து, 1988ல்தான் முறையாகத் திறக்கப்பட்டது.

நூற்றாண்டு வந்தபோது அவர்கள் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். கிளாஸ்னெவின் மயானத்தில் ஒரு சுவர் எழுப்பி, 1916 கலகத்தில் மாண்ட அனைவரின் பெயரையும் பொறித்தார்கள். கலகக்காரன், அவனைச் சுட்ட சிப்பாய், தெருவோடு போன அப்பாவி என்று பிரித்து வைக்கவில்லை. சண்டை வராமல் இருக்குமா? வந்தது. சுவர்மேல் பெயிண்டை வீசினார்கள், சம்மட்டியால் அடித்தார்கள். கடைசியில் 2022ல் மயானத்தின் நிர்வாகிகள் அந்த முயற்சியையே கைவிட்டார்கள். தோல்விதான். ஆனாலும் பெயர் இருந்ததால்தான் சண்டை வந்தது. எண்ணோடு யாரும் சண்டை போடுவதில்லை.

நமது விழாவில் சண்டையே கிடையாது. மேடைப் பேச்சுக்களைக் கவனித்தால் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து நிற்பது தெரியும். 1857க்கு 51 வருஷம் முந்தியது வேலூர். ஆகவே முதல் சுதந்திரப் போர் இதுவே. வடக்கு இதை ஒப்புக்கொள்ள வேண்டும். நியாயமான வழக்குத்தான். 2006ல், இருநூறாவது ஆண்டில், தபால் தலையும் வெளியாயிற்று. வழக்கில் ஜெயித்தோம் என்றே வைத்துக்கொள்வோம். ஜெயித்தது யார்? சிப்பாயா, ஜில்லாவா?

முந்திக்கொண்டது யார் என்று கேட்பது பந்தயக்காரனின் கேள்வி. கதை எழுதுகிறவன் வேறு கேள்வி கேட்பான்: அந்த இரவில் அந்த மனிதனுக்குள் என்ன நடந்தது?

அதற்குச் சரக்கு இல்லாமல் இல்லை. புதிய தலைப்பாகை, அதில் தோல் குச்சம். நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்று உத்தரவு. மறுத்தவர்களில் ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் தலைக்குத் தொள்ளாயிரம் கசையடி. ‘தோல் மதத்தைப் புண்படுத்தியது’ என்று ஒரே வரியில் பேச்சாளர் முடித்துவிடுகிறார். அவர் பேசுவதோ, பாலாற்றங்கரையில் ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் ஆயிரமாயிரம் குடும்பங்கள் தோலில் சோறு தின்கிற பிரதேசத்தில்! மாட்டுத் தோல் யாருக்குத் தீட்டு, யாருக்குப் பிழைப்பு என்று அங்கே நின்று ஒரு கணம் யோசிக்க வேண்டாமா? தன் முகமும் காதும் தனக்குச் சொந்தமில்லை என்று சம்பளம் கொடுப்பவன் சொன்னதல்லவா அந்த அவமானத்தின் வேர்? இது மதத்தைவிடப் பெரிய விஷயம். இன்றைக்கும் தொழிற்சாலை வாசலில் நிற்கிற எவனுக்கும் புரியக்கூடிய விஷயம்.

இன்னொன்றையும் மேடை விழுங்கிவிடுகிறது. ஆர்க்காட்டிலிருந்து குதிரையில் பாய்ந்து வந்து கலகத்தை அடக்கிய கில்லெஸ்பியின் பின்னால் வெள்ளைக்காரர்கள் மட்டும் வரவில்லை. சென்னைப் படையின் ஏழாவது குதிரைப் பிரிவைச் சேர்ந்த நம்மவர்களும் வந்தார்கள். கில்லெஸ்பியோ அயர்லாந்துக்காரன். அவன் பிறந்த கோம்பர் என்ற ஊரில் 1845 முதல் உயரமான தூண்மேல் சிலையாக நிற்கிறான். அரண்மனையில் ஒளிந்திருந்த சிப்பாய்களைப் பிடித்து வந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டதை, கூட வந்த பிளாகிஸ்டன் என்ற பொறியாளரே எழுதி வைத்திருக்கிறார். கொல்லப்பட்ட கர்னல் ஃபான்கோர்ட்டின் மனைவி, குழந்தைகளோடு ஒளிந்து உயிர் தப்பிய கதையைத் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். அவர்கள் பக்கத்துப் பயத்துக்குக் குரல் இருக்கிறது. நம் பக்கத்துப் பயத்துக்கு, விசாரணை அதிகாரிகளின் குறிப்பேடு மட்டுந்தான்.

அந்தக் குறிப்பேடுகளில் பெயர்கள் இருக்கின்றன. ஷேக் காசிம், ஷேக் ஆதம், ஷேக் ஹமீது என்று சிலவற்றைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் படிக்கிறார்கள். தூக்கிலிட்டவர்கள், பீரங்கி வாயில் கட்டிச் சுட்டவர்கள், நாடு கடத்தியவர்கள் எல்லோருக்கும் பெயர் உண்டு. மணிக்கூண்டின் பதினான்கு பேருக்கும் உண்டு; யுத்த மயானங்களின் பதிவேடுகளில் பொறுமையாகத் தேட ஆள் வேண்டும். வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டையில் இன்றும் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போகிறார்கள். அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால், பட்டாளத்தான் எதிரியைச் சுட்டாலும் அதிகாரியைச் சுட்டாலும் முதலில் ஒரு தாய்க்குப் பிள்ளை என்று சொல்லமாட்டார்களா?

ஜூலை 10ஆம் தேதி சொற்பொழிவைப் பாதியாகக் குறைத்துவிட்டு, மீதி நேரத்தில் இந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கட்டும். தூணின் அடியில் வாசித்துவிட்டு, நடக்கிற தூரத்தில் இருக்கிற மணிக்கூண்டுக்கும் போய் அங்கேயும் வாசிக்கட்டும். யாராவது ஒருவர் எழுந்து, ‘இவன் பெயரை எப்படி அவன் பெயரோடு சேர்க்கலாம்?’ என்று ஆட்சேபிப்பார். ஆட்சேபிக்கட்டும். வேலூர் அன்றுதான் அவர்களை நினைக்கத் தொடங்கியது என்று அர்த்தம்.