தெளித்த பிறகு எண்ணெய் எங்கே போகிறது?

விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குக் கிளம்பிய எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல், 2025 மே 25 அன்று கேரளக் கடலில் மூழ்கியது. அதிலிருந்த 640 கன்டெய்னர்களையும், கரையொதுங்கிய பிளாஸ்டிக் குருணைகளையும் பற்றி ஊரே பேசியது. தொட்டிகளில் இருந்த 367 டன் ஃபர்னஸ் ஆயில், 84 டன் டீசல் பற்றியும் பேசினோம். கசிந்த எண்ணெய்மேல் கடலோரக் காவல்படை தூவிய சிதறடிக்கும் ரசாயனம்தான் அதிகம் அலசப்படவில்லை.

அதன் வேலை முழுக்க எண்ணெயும் நீரும் தொடும் எல்லையில், சில மூலக்கூறுகளின் தடிமனுக்குள் நடக்கிறது. எண்ணெயை நாடும் ஒரு முனையும் நீரை நாடும் மறுமுனையும் கொண்ட மூலக்கூறுகள் அங்கே போய் அமர்ந்ததும் பரப்பு இழுவிசை சரிகிறது. அலை அடித்தாலே படலம் நுண்துளிகளாக உடைகிறது. உடைந்தவை மீண்டும் சேராமல் இருக்க வேண்டுமே? நன்னீரில் துளிகளின் எதிர்மின்னேற்றமே அவற்றை விலக்கி வைக்கும். கடல்நீரில் சோடியம் அயனிகள் மொய்த்து அந்த மின்னேற்றத்தை மூடிவிடுவதால், விலக்குவிசை ஒரு நானோமீட்டர்கூட எட்டுவதில்லை. ஆகவே மின்னேற்றமுள்ள சல்போசக்சினேட்டுடன், மின்னேற்றமற்ற பருத்த மூலக்கூறுகளையும் கலக்கிறார்கள். அவை இடித்துக்கொண்டு நின்று துளிகளைப் பிரிக்கின்றன. கெட்டிக்காரத்தனமான கலவைதான்.

தெளிப்பதற்கு நியாயமும் உண்டு. மே 24 அன்றே பருவமழை தொடங்கிவிட்டது. பருவமழைக் கால அலையில் மிதவைத் தடுப்புகள் நிற்காது. ரசாயனத்துக்கோ அலைதான் துணை. கரைக்கு வரும் எண்ணெய் குறையும், பறவைகள் தப்பும், நுண்ணுயிர்கள் தின்னப் பரப்பு கூடும்.

ஆனால் எண்ணெய் அழிவதில்லை, கீழே இறங்குகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலமோ, அந்த நீரில் மத்தி மீன் முட்டையிடும் காலம். 1967-இல் டோரி கேன்யன் கப்பல் விபத்தின்போது பிரிட்டிஷ் கரையில் கொட்டிய டிடர்ஜென்ட் கலவை, எண்ணெயைவிட அதிகமாகக் கடலுயிர்களைக் கொன்றது. இன்றைய கலவைகளின் நச்சு அவ்வளவு இல்லை. ஆனால் துளிகளாக உடைந்த எண்ணெயின் நச்சு இருக்கிறதே!

எல்சா விஷயத்தில் எனக்குள்ள பெரிய ஐயம் வேறு. டீசல் பெரும்பாலும் தானே ஆவியாகும். ஃபர்னஸ் ஆயிலோ கெட்டியானது. நாளாக நாளாக இறுகி, ரசாயனத்துக்கு மசியாது. மினுமினுக்கும் மெல்லிய படலத்தில் தெளித்தால் ரசாயனத் துளி அதைத் துளைத்துக்கொண்டு நீருக்குள் போய்விடும். படலம் விலகி ஒதுங்குவதை விமானத்திலிருந்து பார்ப்பவர் கரைந்துவிட்டதாக எண்ணலாம். கண்ணை நம்பி இதற்கு மதிப்பெண் போட முடியாது. அமெரிக்க நடைமுறையில் படலத்துக்குக் கீழே ஒளிர்வுமானியை இறக்கி, எண்ணெய் உண்மையிலேயே கலந்ததா என்று அளக்கிறார்கள். இங்கும் தெளித்த லிட்டர் கணக்கோடு அந்த அளவீடும் வெளிவந்தால், விழிஞ்ஞத்திலேயே இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் அதை மீன்குஞ்சுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.