நிலத்தைக் கண்ட படம், தாதாவை விடாத படம்

தமிழில் தாதாப் படங்களுக்குப் பஞ்சமில்லை. கத்திக்குப் பின்னால் இருக்கும் நிலத்தைப் பார்த்தவை மிகக் குறைவு. அவற்றில் வெற்றிமாறனின் 'வடசென்னை'யை (2018) நான் முதலிடத்தில் வைப்பேன்.

ராஜன் என்பவனைக் கொன்ற கையோடு நான்கு பேர் ஓட்டல் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் காட்சியோடு படம் தொடங்குகிறது. மேசை மேல் ரத்தம் தோய்ந்த ஆயுதங்கள். அங்கே கொலை நமக்குக் காட்டப்படுவதில்லை. இதனால் தங்களுக்கு என்ன கிடைக்கும் என்ற கணக்கை மட்டும் கேட்கிறோம். கொலையைச் சாகசமாக்காமல் முதலீடாகப் பார்க்கும் இந்தத் தெளிவு சிறைக் காட்சிகளிலும் தொடர்கிறது. எந்த பிளாக் யாருடையது, பொருள் எப்படி உள்ளே வருகிறது, வெளியே இருப்பவன் சொல் உள்ளே எப்படிச் செல்லுபடியாகிறது என்று சிறை ஒரு சந்தையாகவே விரிகிறது. கேரம் விளையாட வந்த அன்பு அந்தச் சந்தையில் மெல்ல மெல்ல விலைபோவதை தனுஷ் உடல்மொழியிலேயே காட்டிவிடுகிறார்.

இதையெல்லாம் இத்தாலியின் பலெர்மோவை வைத்து எடைபோடுவதற்குக் காரணம் உண்டு. இன்று ஈழத்தமிழர் ஆயிரக்கணக்கில் வாழும் அந்நகரமும் நிலத்தால் சீரழிந்த நகரம். 1950களின் இறுதியிலும் 60களிலும் சால்வோ லீமா மேயராகவும் வீத்தோ சான்சிமீனோ பொதுப்பணிப் பொறுப்பிலும் இருந்த காலத்தில், அழகிய பழைய மாளிகைகள் இடிக்கப்பட்டன. எலுமிச்சைத் தோப்புகள் அடுக்குமாடிகளாயின. கட்டட அனுமதிகள் அந்தத் தொழிலுக்கே சம்பந்தமில்லாத சிலர் பெயரில் குவிந்தன. மாஃபியா அங்கே செழித்தது துப்பாக்கியால் மட்டுமல்ல, நகராட்சிக் கையெழுத்தாலும்தான். 'வடசென்னை'யில் சாலைத் திட்டத்துக்காகக் குப்பத்தைக் காலி செய்யச் சொல்லும் அரசியல்வாதியும் அவனுக்கு ஆள் திரட்டும் ரவுடிகளும் இதே சூத்திரத்தின் பாத்திரங்கள். இந்தப் புரிதலில் நம் படம் எந்த நாட்டுப் படத்துக்கும் சளைத்ததல்ல.

வேறுபாடு ராஜனிடம் தொடங்குகிறது. அமீர் நடித்த ராஜன் கடத்தல்காரன், ஆனால் ஊரைக் காப்பவன். அவன் சாவு படத்தின் புனிதக் காயமாகிறது. அன்பு அவன் வாரிசாக எழுந்து நிற்கிறான். அமைப்பை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டிய படம், தீர்வு என்று வந்ததும் இன்னொரு நல்ல தாதாவின் கையில் ஊரை ஒப்படைத்துவிடுகிறது.

பலெர்மோவை வைத்துப் பேசிய முக்கியமான படங்கள் சில இந்த வழியை மறுத்தன. மார்க்கோ ரீசியின் 'மேரி பெர் செம்ப்ரே' (1989) சிறார் சிறையில் பாடம் நடத்த வரும் ஆசிரியரின் கதை. தெருவிலிருந்து வந்த அந்தப் பையன்களில் யாரும் நாளைய தலைவனாகச் செதுக்கப்படவில்லை. பலெர்மோவில் பிறந்த பிஃப் இயக்கிய 'மாஃபியா கோடையில் மட்டுமே கொல்லும்' (2013) படத்தில், ஊரை நடுங்க வைத்த மாஃபியா தலைவன் தோத்தோ ரீனா குளிர்சாதனக் கருவியின் ரிமோட்டோடு திண்டாடுகிறான். இறுதியில் ஒரு தகப்பன் தன் சிறுவயது மகனை நகரெங்கும் கூட்டிச் சென்று, கொல்லப்பட்ட நீதிபதிகள், போலீஸ்காரர்களின் நினைவுப் பலகைகளைக் காட்டுகிறான். 1992இல் நீதிபதிகள் பால்கோனேயும் போர்செலினோவும் அந்நகருக்கு அருகிலும் அந்நகரிலுமாகக் குண்டுவைத்துக் கொல்லப்பட்டார்கள். 'மரியாதைக்குரிய மனிதன்' என்ற வேஷத்தில்தான் மாஃபியா அங்கே பிழைத்தது. அந்த வேஷத்தைக் கலைப்பதே அங்குள்ள கலைஞனின் முதல் வேலை.

இந்த ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு. பலெர்மோவின் மாஃபியா நிலத்தை விற்றது. ராஜன் நிலத்தைக் காக்க நின்றான். கடலை நம்பிப் பிழைக்கும் மக்களை அப்புறப்படுத்த வந்தவர்களை எதிர்த்துக் கேட்க ஒரு குரல் வேண்டும் என்ற தவிப்பு அவனுக்குள் இருக்கிறது. அந்தத் தவிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் குரல் சங்கமாகவோ, வழக்காகவோ, தெருவில் திரளும் பெண்களாகவோ வர முடியாதா? கணவன் ராஜனைக் கொன்றவர்களில் ஒருவனான செந்திலையே மணந்து காத்திருக்கும் சந்திராவின் கண்வழியே கதை நகர்ந்திருந்தால் முற்றிலும் வேறு படம் கிடைத்திருக்கும். அந்தப் பாத்திரத்தில் நடித்த ஆண்ட்ரியா அதற்குத் தயாராகவே இருந்தார். திரைக்கதை அவரை வஞ்சத்தின் திரியாக மட்டும் வைத்துக்கொண்டது. படம் வெளியானதும் அதில் ஒரு காட்சிக்கு மீனவ மக்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. இயக்குநர் வருத்தம் தெரிவித்து அந்தக் காட்சியை நீக்கினார். அது நேர்மையான செயல். எங்களை இப்படித்தான் பார்ப்பீர்களா என்ற அவர்களின் கேள்வி அந்த ஒரு காட்சியோடு முடிகிற கேள்வியல்ல.

கேரம் பலகையைக் கதையின் நடுவில் வைத்தது வெற்றிமாறனின் அருமையான தேர்வு. வடசென்னையின் சந்துகளில் வளர்ந்த விளையாட்டு அது. அங்கிருந்து போன காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். படத்தில் அன்பு கேரம் போட்டி நடக்கும் இடத்திலேயே செந்திலைக் குத்துகிறான். ஆட்டம் அங்கே கத்திக்கு மறைப்பாகிவிடுகிறது. வடசென்னையைப் பற்றி அடுத்துப் படமெடுக்க வருபவர்கள் அந்த ஆட்டத்தை முழுதாக ஆடவிட வேண்டும்.