திமிங்கலம் கற்பிக்கும் பாடம்

திமிங்கலம் கடலில் வாழ்கிறது. துடுப்பு அசைத்து நீந்துகிறது. ஆகவே அது மீன் என்றே பலரும் நெடுங்காலம் எண்ணினர். ஆனால் அது நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டிக்குப் பாலூட்டுகிறது. 1758-ஆம் ஆண்டில் லின்னேயஸ் அதைப் பாலூட்டிகளின் வரிசையில் சேர்த்தார். வகைப்பாட்டுக்கு அடிப்படை தோற்றமன்று, அமைப்பே. மெய்நிகர் உலகங்களை வகைப்படுத்தும்போது இப்பாடத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

மெய்நிகர் உலகம் என்பது யாது? கணிப்பொறியால் இயங்குவது, பலர் ஒரே நேரத்தில் நுழைந்து உலவ இடம் தருவது, நாம் வெளியேறிய பின்னும் தொடர்ந்து இருப்பது. இவற்றை எழுத்துலகம், முப்பரிமாணப் படவுலகம் எனப் பிரிப்பதே எளிய வழக்கம். இது சரிதானா? சோதித்துப் பார்ப்போம்.

1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த உலகம் ‘மட்’. திரையில் எழுத்து மட்டுமே தோன்றும். புள்ளிகள் சேர்த்துப் படிப்படியாக உயர வேண்டும். 1989-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆஸ்ப்னெஸ் அமைத்த ‘டைனிமட்’டும் எழுத்துலகமே. ஆனால் அங்கே போட்டி முக்கியமன்று, வந்தவர்களே புதிய அறைகளைக் கட்டினர், கூடிப் பேசினர்.

‘செகண்ட் லைஃப்’ (2003), ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ (2004) இரண்டும் முப்பரிமாண உலகங்கள். முன்னதில் குடியிருப்போரே வீடும் உடையும் ஆக்குகின்றனர். பின்னதில் நிறுவனம் வகுத்த பணிகளை முடித்து, நிலை நிலையாக உயர்கின்றனர். அப்படியானால் வார்கிராஃப்டின் உறவு ‘மட்’. செகண்ட் லைஃபின் உறவு ‘டைனிமட்’. தோற்றத்தை மட்டும் பார்த்தவருக்கு இவ்வுறவு புலப்படாது.

எனவே, இரண்டு கேள்விகள் கேட்பதே மேல்: குறிக்கோளை வகுப்பவர் யார்? பொருள்களை ஆக்குபவர் யார்? இவற்றையும் தனித்தனிப் பெட்டிகளாகக் கொள்ளாமல், அளவுகோல்களாகக் கொள்ள வேண்டும். 2011-இல் முழுமையாக வெளிவந்த ‘மைன்கிராஃப்ட்’டில் உயிர்பிழைக்கும் போராட்டமும் உண்டு, விருப்பம்போல் கட்டும் முறையும் உண்டு. அதை ஒரே பெட்டியில் அடைக்க முடியுமா?

இது வெறும் பெயர்ச்சண்டையன்று. ‘ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்’ உலகம் 2011 டிசம்பரில் மூடப்பட்டது. ஆடியோர் சேர்த்தவை அதனுடன் மறைந்தன. குடியிருப்போரே கட்டிய உலகம் மூடப்பட்டால் மறைவது அவர்களுடைய உழைப்பின் படைப்பு. இரண்டு இழப்பும் ஒன்றாகுமா? தோற்றத்தால் பிரிப்பவர் இக்கேள்வியைக் கேட்கவே மாட்டார். அடுத்த முறை இத்தகைய உலகில் நுழையும்போது நீங்கள் கேளுங்கள்.